இல்லாத ஏகாதசி

சுப்பராமன் பாங்க்குக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, யாரோ ஓட்டிப் பழசாக்கிய ஆஸ்டின் காரில் மனைவி நீரஜாவை ஏற்றிக்கொண்டு மயிலாப்பூரை விட்டுக் கிளம்பியபோது வெயில் ஏறியிருக்கவில்லை. பறவை, மிருகம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அன்றைக்குப் போட்ட திட்டம் மூன்று: கிண்டிக் காட்டோரம் மான், அடையாற்றில் நீரஜாவின் சிநேகிதி அமீனா பீயின் வீடு, அப்புறம் பெருங்குடிச் சதுப்பில் நாரை.

மான்கள் ஏமாற்றவில்லை. முறுக்குக் கொம்புக் கலைமான் ஒன்று சாலைக்கு இருபதடி தூரத்தில் நின்று காரையே பார்த்தது. தூரதிருஷ்டிக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தபோது அதன் மூக்கு நுனியின் ஈரம்கூடத் தெரிந்தது நீரஜாவுக்கு. அப்போது அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அமீனா பீயும் அவளும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் ஒரே பெஞ்சு. கல்யாணத்துக்குப் பிறகு அமீனா கோஷாத் திரைக்குள் போய்விட்டாள். தோல் மண்டி வைத்திருக்கும் புருஷன் அப்துல் வஹீதின் தோட்ட வீடுதான் அவளுக்கு உலகம். நீரஜா வருஷத்துக்கு ஒரு தரம் போவாள். போகும்போதெல்லாம் உரிக்காத வாழைப்பழமும் சீவாத இளநீரும் தயாராக இருக்கும். ஐயர் வீட்டுப் பெண்ணுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று அந்த வீட்டாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன மாதம் நீரஜா ஒரு கடிதம் எழுதினாள். எழுதும்போதே மனசு பொங்கிவிட்டது. ‘எத்தனை நாளைக்கு எனக்குப் பழத்தைக் கொடுத்து அனுப்புவாய்? இந்தத் தடவை உன் கையால் சமைத்ததைத்தான் சாப்பிடுவேன்’ என்று எழுதிவிட்டாள். தபாலில் போட்ட பிறகு, தான் மற்றவர்களைப் போல இல்லை என்று இரண்டு நாள் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

வஹீத் சாயபு சுப்பராமனை முன்கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நீரஜா உள்ளே போனாள். அமீனா புதுப் பித்தளைத் தட்டில் சேமியாப் பாயசமும், நெய் மணக்கும் பூரியும் கொண்டுவந்து வைத்தாள். அடுப்பை நேற்றே மெழுகிவிட்டதாகவும், பாத்திரமெல்லாம் கடையிலிருந்து நேரே வந்ததென்றும், வேலைக்காரி முனியம்மாளைக்கூடச் சமையலறைப் பக்கம் விடவில்லை என்றும் மெதுவாகச் சொன்னாள். பெருமையாகச் சொல்லவில்லை. பரீட்சை எழுதிவிட்டு விடைத்தாளை நீட்டுகிற பெண் மாதிரி சொன்னாள்.

நீரஜாவின் கை நீளவில்லை.

மடி ஆசாரத்தில் தனக்கு நம்பிக்கை இருந்தது என்று அவளால் பிற்பாடுகூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. லஸ் ஓட்டலில் யார் போட்டது என்று கேட்காமல் காபி குடித்திருக்கிறாள். மாமியார் அபயாம்பாளின் முகம் அந்த அறை மூலையிலிருந்து பார்ப்பது போலிருந்தது. யோசிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

“அடடா, அமீனா, இன்னிக்கு ஏகாதசின்னு மறந்தே போயிட்டேன். தண்ணிகூடக் குடிக்கப்படாது.”

அமீனா தட்டையே பார்த்தாள். பக்கத்தில் பாக்கு சீவிக்கொண்டிருந்த வஹீதின் தமக்கை ஹாஜிரா பீ பாக்குவெட்டியை வைத்துவிட்டு விரலை மடக்கினாள்.

“நாலு நாளு முந்திதானே பிறை பார்த்தோம்? இவங்க ஏகாதசி, பிறை பத்து பதினொண்ணுக்கில்ல வரும்? நம்ம பழைய வீட்டாண்ட இருந்த ஐயரம்மா சொல்லிக்கினே இருப்பாங்களே.”

“சும்மா இருங்க, ஆப்பா,” என்றாள் அமீனா. “அவங்கள்ல பல கணக்கு கீது. உங்களுக்கு இன்னா தெரியும்?”

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து நீரஜாவின் குழந்தைகளைப் பற்றி விசாரித்தாள். வழக்கம் போலவே சிரித்தாள். நீரஜா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். என்ன சொன்னோம் என்பது ஒன்றும் நினைவில் தங்கவில்லை.

பெருங்குடிச் சதுப்பில் கூழைக்கடாக்கள் கும்பலாக நீந்திக்கொண்டிருந்தன. சுப்பராமன் மர நிழலில் காரை நிறுத்தி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்தார்.

“ஒனக்குத்தான் விரதமாச்சே. வஹீத் வருத்தப்பட்டுண்டு சொன்னார்,” என்றார். “ஏண்டி, பஞ்சாங்கத்தை எப்போ மாத்தி எழுதினே?”

அவள் சதுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் அங்கே டீயும் குடிச்சேன், பூரியும் தின்னேன். நீதானே கடுதாசி எழுதினே? நான் எழுதலையே.”

கேலிதான். ஆனால் அதற்குப் பிறகு அவளால் புளியோதரையைத் தொட முடியவில்லை. அவர் கண்ணாடியை நீட்டி, கூழைக்கடா அலகுப்பையில் மீனை அள்ளுவதைப் பார்க்கச் சொன்னார். நீரஜா கண்ணில் வைத்துக்கொண்டாள். எதையும் பார்க்கவில்லை. ஹாஜிரா பீ சொன்னதுகூட இவ்வளவு உறுத்தவில்லை. அமீனா தனக்காக வாதாடியதுதான் உறுத்தியது. தெரிந்துகொண்டே வாதாடியிருக்கிறாள். நாத்தனார் முன்னால் தன் சிநேகிதி பொய்க்காரியாக நிற்கக்கூடாது என்று அவளுக்கு இருந்திருக்கிறது.

மூன்று மணிக்குத் திரும்பும்போது, அமீனா வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னாள். சுப்பராமன் ஏன் என்று கேட்கவில்லை.

வீடு அமைதியாக இருந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். வஹீத் மண்டிக்குப் போய்விட்டார். ஹாஜிரா பீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அமீனா கொல்லைத் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே நீரஜா சொன்னாள்: “ஏகாதசி இல்லே, அமீனா. நான் பொய் சொன்னேன்.”

“தெரியும்.”

“எனக்கே தெரியலே, ஏன் அப்படி…”

“சாப்பிட மாட்டேன்னு எழுதியிருந்தா நான் எப்பவும் போல இளநி வெச்சிருப்பேன். கோவிச்சுக்கினு இருக்க மாட்டேன்,” என்றாள் அமீனா. குரலில் கோபமில்லை. ஒரு குழந்தைச் சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். “சாப்பிடறேன்னு நீயாத்தானே எழுதினே? நாலு தரம் படிச்சேன் அதை.”

நீரஜாவுக்கு முகம் எரிந்தது. தரையில் உட்கார்ந்தாள்.

“இப்போ குடு. சாப்பிடறேன்.”

அமீனா அடுத்த துணியை எடுத்து உதறினாள். கொஞ்ச நேரம் அதன் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தீந்துபோச்சு, நீரஜா. பசங்க துன்னுட்டாங்க.”

நீரஜா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அமீனா பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் தன்னிடம் சொன்ன முதல் பொய் இதுதான் என்று நீரஜாவுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத்தான் தான் திரும்பி வந்தோம் போலும் என்றும் தோன்றியது.

“சரி,” என்றாள்.

வாசலில் சுப்பராமன் ஹாரனை ஒரு முறை மெதுவாக அழுத்தினார். நீரஜா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். அமீனா வாசல் வரை வரவில்லை. பெண்கள் வாசலுக்கு வரும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை.