பச்சைக்கு நடுவே கறுப்பு

கன்டெய்னரின் பக்கத்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த முந்திரி மூட்டையெல்லாம் பூசணம் பூத்துவிட்டது. மாரிராஜ் ஃபோர்க்லிஃப்டால் குத்தியதுதான் என்று யார்டு மேனேஜர் தேவபிரசாதம் எழுதி, வண்டிச் சாவியையும் பிடுங்கித் தன் மேஜைமேல் போட்டுக்கொண்டார். சாட்சிக்கு ஒரு படம்: கப்பலிலிருந்து இறங்கிய அன்று எடுத்தது. அதில் ஓட்டை இல்லை. இன்ஷூரன்ஸ்காரர் அதை ஏற்றுக்கொண்டால் மாரிராஜுக்கு வேலை போச்சு.

படம் எடுத்தவள் உமாராணி, உப்பளத்தில் வெந்த குடும்பத்துப் பிள்ளை. யார்டு படங்களில் ரகசியக் குறி பதிக்கும் புரோகிராமை எழுதியதும் அவள்தான். முதலில் குறியை ஒவ்வொரு புள்ளியின் நிற எண்ணிலும் கடைசி இலக்கமான பிட்டில் ஒளித்தாள். வாட்ஸப்பில் போட்டுப் படம் சுருங்கியதும் அது அழிந்தது. அப்புறம் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வெளிச்ச ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே பின்னி வைத்தாள். கண்ணுக்குத் தெரியாது, படத்தைச் சுருக்கினாலும் சாகாது. ஒரு கட்டத்தின்மேல் எதையாவது பூசினால், அங்கே மட்டும் செத்துப்போகும்.

"நீ எடுத்த படந்தான? ஆமான்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார் மேனேஜர், இன்ஷூரன்ஸ்காரரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு.

"படமும் நான் எடுத்ததுதான் சார், ஓட்டையும் நான் எடுத்ததுதான். படத்துல இருந்த ஓட்டையை எங்கன கொண்டுபோய் வச்சிய?"

"வெயில்ல நின்னு கிறுக்கு புடிச்சிட்டாளா? அப்ப ஒரிஜினலக் காட்டு."

"அதைத்தான் சர்வர்ல இருந்து தொடைச்சுட்டியளே. நீங்க குடுத்த படமே போதும்."

லேப்டாப்பை இன்ஷூரன்ஸ்காரர் பக்கம் திருப்பினாள். குறி உயிரோடு இருந்த கட்டமெல்லாம் பச்சை. தகட்டின் நடுவில் மட்டும் கையகலக் கறுப்பு.

வாசலில் நின்ற மாரிராஜ் எட்டிப் பார்த்தான். "அங்கனதாம்மா ஓட்டை! அதே எடந்தான்!"

ஓட்டையோடு வந்த பெட்டியைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டு உள்ளே விட்ட மேனேஜருக்கு முகம் வேர்த்தது. "இந்தக் குறியெல்லாம் நாளைக்கே கழத்திருதேன். நாளைக்கு நீயும் வராத."

"வருவேன். கேட்டுல நிறுத்திப் பாருங்க. கட்டம் பாக்குற புரோகிராமைக் காலையிலயே லோடுமேன் எல்லாரு போன்லயும் ஏத்திட்டேன். என்னை வெரட்டலாம், அத்தனை போனையும் புடுங்குவியளோ?"

இன்ஷூரன்ஸ்காரர் மேனேஜர் எழுதிய தாளை அவர் பக்கமே தள்ளினார். "இதை நான் வாங்கிக்க முடியாது."

மேஜைமேல் கிடந்த சாவியை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மாரிராஜே உள்ளே வந்து எடுத்துக்கொண்டான்.