மடக்கு நாற்காலிகள்

சவப்பெட்டியின் இடப்பக்க நடுப்பிடியைப் பிடித்திருந்தவன் கீத் ராண்டலா. சர்ச் படியில் இறங்கும்போது பின்னால் தூக்கி வந்த கிழவர் ஒருவர் தடுமாறினார், பெட்டி லேசாகச் சாய்ந்தது. கீத்தான் முழங்காலைக் கொடுத்து நிமிர்த்தினான். நன்றாகத்தான் தூக்கினான். அதுதான் கோரீனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"உன் சீட்டைப் பிடுங்கினவன் கையால அப்பாவைத் தூக்க வெச்சிருக்க. உனக்கு மூளை கீளை இருக்கா?" அண்ணன் லைல் அவள் காதருகே பல்லைக் கடித்தான்.

"அப்பா சொன்னது."

"எப்பச் சொன்னாரு? ஏன் சொன்னாரு?"

கோரீன் படியிறங்கினாள். கூட்டத்தில் இருந்த எல்லாருடைய முகத்திலும் அதே கேள்விதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

லைல் கேட்டதில் தப்பில்லை. சனிக்கிழமை பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கட்சி மாநாடு. சட்டமன்றத் தொகுதிக்கு யாரைக் கட்சி ஆதரிப்பது என்று பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். கோரீனா, கீத்தா என்ற போட்டியில் கீத் ஜெயித்தான். அந்த ஓட்டெடுப்பின் நடுவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த லூடி ஸ்டெர்லே, கோரீனின் அப்பா, ஞாயிறு விடியலில் போய்விட்டார். மூன்று ஊருக்கு ஒரே பாதிரியார். அவருக்குச் செவ்வாயை விட்டால் நாளில்லை. அந்தச் செவ்வாய்தான் மனுத்தாக்கலுக்கும் கடைசி நாள். ஐந்து மணிக்கு மாவட்ட அலுவலகம் கதவைச் சாத்திவிடும். அதற்குள் கோரீன் போய் மனுப் போட்டால், ஆகஸ்ட் முன்தேர்தலில் கீத்தோடு மோதலாம். அதில் பிரதிநிதி என்று தனியாக யாரும் இல்லை. தொகுதியில் இருக்கிற எவரும் வந்து ஓட்டுப் போடலாம், யாருக்கு அதிகமோ அவர்தான் கட்சி வேட்பாளர். மனுப் போடாவிட்டால் கதை முடிந்தது.

போடுவதில் சட்டச் சிக்கல் ஒன்றுமில்லை. சிக்கலெல்லாம் ஒரு வார்த்தையில் இருந்தது.

எங்கள் மினசோட்டா இரும்புச் சுரங்கத்து ஊர்களில் மேடையேறுகிறவர்களிடம் முதலில் சாலையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், பள்ளியைப் பற்றியும் கேட்க மாட்டார்கள். "கட்டுப்படுவியா?" இதுதான் கேள்வி. மாநாடு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தால் ஒதுங்கிக்கொள்வாயா, இல்லை ஆகஸ்டுக்குப் போவாயா? "அது வந்து..." என்று இழுத்தால் அவருக்கு அங்கேயே மங்களம். கோரீன் இழுக்கவில்லை. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, ஒலிபெருக்கி முன்னால் நின்று, "கட்டுப்படுவேன்" என்று சொன்னாள்.

லூடியின் மகள் வேறு எப்படிச் சொல்வாள்? இளவயதில் அவரும் இதே தொகுதிக்குப் போட்டி போட்டு மாநாட்டில் தோற்றவர். சுரங்கத்து ஆட்கள் மொத்தமும் அவர் பக்கம். ஆகஸ்டுக்குப் போயிருந்தால் ஊதித் தள்ளியிருப்பார். போகவில்லை. எல்லாரும் கிளம்பிய பிறகு கூடத்திலிருந்த மடக்கு நாற்காலிகளை ஒற்றையாளாக மடக்கிச் சுவரோரம் அடுக்கினார். மறுநாள் காலை, ஜெயித்தவனின் பெயர்ப்பலகையைத் தன் வீட்டு முன்புல்லில் தானே ஊன்றினார். அதிலிருந்து இந்தத் தொகுதியில் தோற்றவர்தான் நாற்காலி மடக்க வேண்டும். எந்த விதியிலும் எழுதியில்லை. மடக்காமல் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், தபால் நிலையத்தில் ஒரு ஆள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

கல்லறையில் கோரீனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஜூன் மாதக் கருப்பு ஈக்கள் கழுத்தில் கடித்தன. பாதிரியார் ஜெபத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் லைல் சட்டைப்பைக்குள் கார் சாவியைக் குலுக்குவது அவளுக்குக் கேட்டது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பாவைக் குழியில் இறக்கும்போது கடிகாரம் பார்க்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. உடனே இன்னொரு தடவை பார்த்தாள்.

சாப்பாடு சர்ச்சின் நிலவறையில். ஹாம் வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், பெரிய பாத்திரத்தில் காப்பி. ஸ்லோவேனியக் குடும்பம் என்பதால் வால்நட் சுருள் ரொட்டி. அடுக்களைப் பொறுப்பு டோலரஸிடம். சாவு வீடு எதுவானாலும் அவள் கைதான் ரொட்டி வெட்டும், அவள் வாய்தான் ஊர்வம்பையும் வெட்டும்.

"உக்காரு கோரி, கால் தரையில பாவ மாட்டேங்குது உனக்கு" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பாத்து உக்காரு, ஆடும். நம்ம சர்ச் நாற்காலிங்கள மாநாட்டுக்கு இரவல் வாங்கிட்டுப் போனானுங்களே, திருப்பி அனுப்பின லட்சணத்தைப் பாரு. ஒண்ணைக்கூட மடக்கல. அப்படியே வண்டியில வீசி எறிஞ்சு அனுப்பியிருக்கானுங்க. லூடி இருந்திருந்தா தோலை உரிச்சிருப்பாரு."

கோரீன் உட்கார்ந்தாள். நாற்காலியின் முதுகில் ஒரு பச்சை வில்லை ஒட்டியிருந்தது. அவள் பெயர்தான். அவளுடைய ஆட்கள் சனிக்கிழமை ஒட்டியது. சுற்றிப் பார்த்தாள். அங்கங்கே பச்சை, அங்கங்கே கீத்தின் நீலம். அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு ஊர் சாப்பிட்டது.

லைல் காப்பிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்பக் கிளம்பினா ஒரு மணி நேரம், அஞ்சுக்குள்ள போயிரலாம். என்ன சொல்ற?"

"வாக்குக் குடுத்திருக்கேன் லைல்."

"யாருக்கு? உன்னை ஆம்புலன்ஸ்ல அனுப்பிட்டு ஓட்டெடுத்தானுங்களே, அவனுங்களுக்கா? முதல் ரெண்டு சுத்துலயும் யாரு முன்னால இருந்தது? நீ. வேணுங்கிற அளவு ஓட்டு எட்டல, அவ்வளவுதான். அப்பா மைக்கைப் பிடிச்சு 'ஒழுங்குப் பிரச்சினை'ன்னு சொன்னாரு, விழுந்தாரு. நீ கூடப் போன. கோரீன் வரட்டும்னு ஒருத்தன் எந்திரிச்சுக் கேட்டிருக்கான். கூடம் ஆறு மணி வரைக்கும்தான்னு சொல்லி மூணாவது சுத்தை நடத்திட்டானுங்க. இதுக்குப் போயி கட்டுப்படணுமா?"

கூட்ட விதி மீறப்படுகிறது என்று அப்பா எழுப்ப வந்த ஒழுங்குப் பிரச்சினை என்னவென்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. சொந்த மகளுக்கு எதிரானதாகக்கூட இருந்திருக்கலாம். விதி என்று வந்துவிட்டால் மனுஷனுக்குப் பிள்ளையாவது குட்டியாவது.

"அப்பா மாநாட்டை விட்டு ஒரு தடவையும் வெளிய போனதில்ல" என்றாள் கோரீன்.

"அவருக்கென்ன, ஓய்வு பெத்தவரு, நாள் பூரா உக்காருவாரு. நான் அன்னிக்கு ஷிஃப்ட்ல இருந்தேன். என்னை மாதிரி எத்தனை பேரு! சனிக்கிழமை முழுக்க இரும்பு நாற்காலியில குந்த முடிஞ்சவன் மட்டும்தான் கட்சியா? நாங்கல்லாம் யாரு? மினசோட்டா பூரா பாரு, கட்சி ஆதரவு இல்லாம ஆகஸ்ட்ல ஜெயிச்சவங்க எத்தனை பேரு. ஜனங்க போடட்டுமே ஓட்டு. அதுல என்ன துரோகம் வந்துச்சு?"

"'வந்து உக்காந்து, வாதாடி, தோத்தா வாயை மூடிக்கிறதுக்குப் பேருதான் கட்சி'ன்னு சொல்லுவாரு."

"அவரு சொல்லுவாரு. நீ என்ன சொல்ற?"

கோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். தொகுதியில் எந்த வளைவில் எந்தப் பிள்ளை குளிரில் நிற்கும் என்று தெரியும், அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கும் அவளைத் தெரியும். அவர்களில் பலர் மாநாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். ஆனால் ஆகஸ்டில் வருவார்கள். நின்றால் ஜெயிப்பாள். அந்த இடம் அவளுக்கு வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிற அளவுக்கு வேண்டும். அண்ணன் சொல்வதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. இத்தனை இருந்தும் எழுந்து போக விடாமல் எதுவோ காலைப் பிடித்தது.

"வண்டியை எடுத்து வாசல்ல நிறுத்தறேன்" என்று லைல் எழுந்தான். "அஞ்சு நிமிஷம். வா."

அவள் கோட்டை எடுக்கப் போனபோது, கோட்டு மாட்டும் சட்டத்தின் அருகில் கீத் நின்றிருந்தான். அங்கே அவனோடு பேச யாருமில்லை போலிருந்தது. கையில் தொப்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"கோரீன், ஒண்ணு கேக்கட்டுமா? என்னை ஏன் கூப்பிட்ட?"

"அப்பா கேட்டுக்கிட்டாரு."

"உங்கப்பாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. என் கடை ரொட்டி அட்டை மாதிரி இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. அவரா என்னைத் தூக்கச் சொன்னாரு?"

"நீ நாற்காலி மடக்கினதா நினைச்சாரு."

கீத்துக்குப் புரியவில்லை. கோரீன் இதுவரை யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வது?

ஞாயிறு காலை ஜன்னல் வெளுத்தபோது லூடி கண்ணைத் திறந்தார். "யாரு?" என்று கேட்டார். ஆள் அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தாள் கோரீன். குனிந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாம்ப்பா" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை. "மூணாவது சுத்துலயா?" என்றார்.

ஜெயித்தது யார் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இல்லப்பா, நான் அதைச் சொல்லலப்பா என்று வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

"ஆமாப்பா. மூணாவதுல."

"ராண்டலாப் பய? நாற்காலி மடக்கினானா?"

"மடக்கினான்."

"ஒத்தையாவா?"

"ஒத்தையா. கடைசி நாற்காலி வரைக்கும்."

லூடி கூரையைப் பார்த்தார். "அட, பரவால்லையே" என்றார். "அவன நான் தப்பா நினைச்சிட்டேன். என் பெட்டிக்கு அவனையும் ஒரு கை போடச் சொல்லு." அதன் பிறகு பேசவில்லை.

கோரீன் சொல்லி முடித்தபோது கீத் தொப்பியைச் சுருட்டுவதை நிறுத்தியிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

"அன்னிக்கு யாருமே மடக்கல" என்றான். "கை தட்டினாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க, போயிட்டோம். நான்... உன்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்பவே நான் எந்திரிச்சு, நிறுத்துங்க, அவ வரட்டும்னு சொல்லியிருக்கணும். மைக் எனக்குக் கை எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு."

"பாத்தேன்."

"ஜெயிக்கணும்னு இருந்துச்சு கோரீன். அவ்வளவுதான். வேற சமாதானம் இல்ல."

"எனக்கும்தான் இருந்துச்சு."

"போ" என்றான் கீத். "போய் மனுப் போடு. வாக்கு மாறிட்டான்னு உன்னை ஒரு மேடையிலயும் நான் பேச மாட்டேன், என் ஆளுங்களையும் பேச விட மாட்டேன். ஆகஸ்ட்ல ஜனங்க முடிவு பண்ணட்டும். நான் தோத்தா தோத்துட்டுப் போறேன்."

அவன் மனதாரத்தான் சொன்னான். அவளைத் தடுக்க இனி யாருமில்லை. கட்டுப்படுவியா என்று கேட்டவர்கள் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கேட்க வேண்டிய ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டார், அதுவும் அவள் ஜெயித்தாள் என்ற நினைப்போடு. மேலே வாசலில் லைல் ஹாரன் அடித்தான்.

கோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு மாடிப்படியைப் பார்த்து வேகமாக நடந்தாள். பாதி வழியில் ஒரு நாற்காலி குறுக்கே கிடந்தது. சற்று முன் அவளே உட்கார்ந்திருந்த நாற்காலி, பச்சை வில்லையோடு. தாண்டிப் போகலாம். ஒதுக்கிவிட்டும் போகலாம். அவள் அதன் இருக்கையை மேலே தூக்கினாள். கிரீச்சென்று மடங்கியது. கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்தாள்.

திரும்பி வந்து அடுத்ததை மடக்கினாள். அது நீலம்.

ஹாரன் இன்னொரு தடவை ஒலித்தது, இந்த முறை நீளமாக. கோரீன் கோட்டைக் கழற்றி மேசை மேல் போட்டாள். இரண்டு கையிலும் இரண்டு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒரு கீல் விரலைக் கடித்தது, விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்ததற்குக் குனிந்தாள். டோலரஸ் துடைப்பதை நிறுத்திவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

கீத் தொப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து ஒரு நாற்காலியைப் பிடித்தான்.

"தொடாத" என்றாள் கோரீன்.

"ரெண்டு பேருமாச் சேந்து..."

"ஜெயிச்சவன் மடக்கக் கூடாது. கையை எடு."

அவன் கையை எடுத்தான். எங்கே நிற்பது என்று தெரியாமல், அவள் போய்வரும் வழியை விட்டுச் சுவரோரம் ஒதுங்கினான்.

லைல் படியில் பாதி இறங்கி வந்து நின்றான். கையில் சாவி இல்லை, வண்டியிலேயே விட்டிருந்தான். "கோரி, மணி ஆகுது" என்றான். அவள் நிமிரவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்ததைப் பார்த்தான், பாக்கி இருந்ததைப் பார்த்தான், ஓரமாக நின்ற கீத்தைப் பார்த்தான். மேலே ஏறிப் போனான்.

அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். வெளியே ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றது.