மண்சுவருக்கு வெளியே

ஐஸ்லாந்தின் தென்கரையில் இருந்த அந்த மீன்பிடி ஊரை விட்டு எல்லாரையும் கிளப்பியபோது ஹால்பெரா அவ்வளவாகக் கலங்கவில்லை. தலைநகரில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. மகள் ஸ்வாலாவுக்குப் பள்ளிக்கூடமும் கிடைத்தது. ஊருக்கு அடியில் நெருப்புக் குழம்பு ஊர்கிறது, நிலம் எந்த நேரமும் நீளவாக்கில் பிளக்கலாம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் குழம்பைத் தடுக்க ஊரைச் சுற்றி மண்சுவர் எழும்பிக்கொண்டிருந்ததே! அங்கே புல்டோசர் ஓட்டியவர்களில் ஒருவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி கெட்டில்.

வேலை முடிந்து போகிற வழியில் அவன் அக்கா வீட்டில் ஆட்டுக்கறி சூப் குடித்துவிட்டுப் போவான்.

“என் வீடு சுவருக்கு உள்ளேதானேடா வருது?”

“உள்ளேதான்க்கா. நானே தள்ளுற மண்ணு. மலையே உருண்டு வந்தாலும் உன் வீட்டைத் தொடாது. பேசாம தூங்கு.”

வீட்டுச் சாமான்களை எடுத்துவர அதிகாரிகள் முறை வைத்து ஆட்களை உள்ளே விட்டார்கள். ஹால்பெராவின் முறை வந்தபோது, அடுத்த தெரு தோர்கெல், பூனை உள்ளே மாட்டிக்கொண்டது என்று அழாத குறையாக நின்றார். “என் வீடு எங்கே போயிடப்போகுது, நீங்க போய்ட்டு வாங்க” என்று தன் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

தம்பியிடம் ஒன்று மட்டும் கேட்டாள். இறந்துபோன கணவன் ஓட்கைர் மீன்பிடிக் கப்பலில் ஓய்வு நேரத்தில் தன் கையாலேயே பின்னிய ஸ்வெட்டர்கள். “நீ அங்கேயேதானே இருக்கே, அதை மட்டும் எடுத்துட்டு வாயேன்டா.”

“வண்டியை விட்டு இறங்கவே விடமாட்டேங்கறாங்கக்கா. வீட்டுப் பக்கம் எப்படிப் போறது?”

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்கு வடக்கே நிலம் பிளந்தது. டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். சுவரில் முட்டிய குழம்பு அதை ஒட்டியே மேற்கே திரும்பியது. அந்தப் பக்கம் சிவப்புக் கூரை போட்ட வீடு ஒன்று தனியாக நின்றது.

“அம்மா, அது நம்ம வீடு. நம்ம வீடு ஏம்மா வெளியே இருக்கு?” என்றாள் ஸ்வாலா.

கூரை பற்றி எரிந்து அடங்கும்வரை ஹால்பெரா கண்ணை எடுக்கவில்லை. பிறகு தம்பிக்குப் போன் செய்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“சுவருக்குக் கோடு போட்ட அன்னிக்கே தெரியும்க்கா. உன் வீட்டுக்கு அடியில தரை வெடிச்சிருக்குன்னு சுவரை உள்ளே தள்ளிப் போட்டுட்டாங்க. சொல்ல வாய் வரலை.”

போனை வைத்துவிட்டாள். பல நாள் அவனோடு பேசவில்லை. பிறகு மெல்ல மனம் இளகியது. அக்கா வீட்டைக் கைவிட்ட சுவருக்குத் தன் கையாலேயே மண் தள்ளியவன். அவன் மட்டும் என்ன சுகப்பட்டிருப்பான்? பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவனுடைய பனிச்சறுக்கு மோட்டார் வண்டி நின்றது. இலையுதிர்காலத்திலிருந்து அது ஹால்பெராவின் கராஜில் அல்லவா இருந்தது?

“இது எப்படிடா இங்கே?”

கெட்டில் பின்கழுத்தைத் தேய்த்தான். “ஒரு லாரி காலியாத் திரும்புச்சு... ஏத்திவிட்டேன்.”

“என் கராஜைத் திறந்து.”

“கராஜை மட்டும்தான்க்கா.”

“அங்கேயிருந்து ஒரு கதவு. அதைத் தாண்டினா அலமாரி.”

“ஸ்வெட்டரைக் கொண்டுவந்திருந்தா, வீடு வரைக்கும் போனியே சுவர் எங்கே நிக்குதுன்னு கேட்டிருப்பே. வீடு போகப்போகுதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“அதனால உன் வண்டி பொழைச்சுது” என்றாள் ஹால்பெரா. பலகாரத்தை அவன் மனைவி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள்.

வசந்தத்தில் ஸ்வாலாவுக்குத் தேவாலயத்தில் உறுதிப்பூசுதல் சடங்கு நடந்தது. விருந்துக்குக் கெட்டிலும் மனைவியும் வந்து வாசலில் தயங்கி நின்றார்கள். அவன் பிறந்ததிலிருந்து ஹால்பெரா அவனை ‘டா’ போடாமல் கூப்பிட்டதில்லை.

“வாங்க” என்றாள் அவனை மட்டும் பார்த்து. “குளிரா இருக்கு, உள்ளே வாங்க. கேக் எடுத்துக்கங்க.”

கெட்டில் கேக் தட்டைத் தொடாமலே மேசையில் வைத்தான். பிறகு மனைவியைக்கூடக் கூப்பிடாமல் போய்த் தன் காரில் உட்கார்ந்துகொண்டான்.