பிரிஜுக்குள் ஒரு தட்டுத் தேயிலை

ஐந்து நாள் கரண்ட் இல்லாமல் பூட்டிக் கிடந்த பிரிஜைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டால் போதும்.

புயல் மழையில் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே மலை வெடித்திருக்கிறது என்று எல்லோரையும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். உடுத்தின துணியோடு போனோம். பசுவை மட்டும் அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் இராயப்பன் முதல் நாள்தான் மலிவாகக் கிடைத்ததென்று ஒன்றரைக் கிலோ சூரை மீன் வாங்கிப் பிரிஜில் போட்டிருந்தார். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. திரும்பி வந்து கதவைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டு வாசலுக்கு ஓடினேன். அவர் எனக்கு முன்னால் ஓடியிருந்தார். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

சும்மா ஒரு பிரிஜ் என்றால் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். பதினான்கு வருஷம் கொழுந்து எடுத்து முதுகு போன பிறகு, ஆறு மாதமாக அந்தப் பிரிஜை நம்பித்தான் யோகட் போடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் லுணுகலை டவுனில் ஸல்மா அக்கா கடைக்குக் கொடுப்பேன். இதற்கிடையில் கங்காணி சின்னராசா அண்ணன் ஒரு செய்தி சொல்லியிருந்தார். இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்து நிற்காவிட்டால் தோட்டப் பதிவிலிருந்து என் பேரை வெட்டிவிடுவார்கள், பிறகு கெஞ்சினாலும் எடுக்கமாட்டார்கள். பிரிஜ் சரியானால் யோகட், இல்லாவிட்டால் மறுபடியும் கொழுந்து மலை. எனக்கு மலையை நினைத்தாலே இடுப்பு வலித்தது.

அந்தப் பயத்தில் அவசரப்பட்டேன். மீனைக் கொண்டுபோய்ப் புதைத்து, சவர்க்காரம் போட்டு ஒரு கழுவு கழுவி, மறுநாளே பால் காய்ச்சி உறை ஊற்றி, இருபது கப் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை ஸல்மா அக்கா போன் எடுத்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“ஜெசிந்தினி, யோகட்ல மீன் வீச்சம் அடிக்குதுன்னு மூணு பேர் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. சனிக்கிழம ஒரு கப் மட்டும் கொண்டு வாங்க. நானே சாப்பிட்டுப் பாக்குறேன். சரியில்லன்னா அந்த எடத்துல கம்பெனி யோகட்டத்தான் வைக்கணும்.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தட்டு, பெட்டி எல்லாவற்றையும் கழற்றி வெயிலில் வைத்தேன். அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரில் உள்பக்கத்தை மூன்று தடவை துடைத்தேன். கதவு ரப்பரின் மடிப்புக்குள் துணியைச் சுற்றிய குச்சியை விட்டு நோண்டினேன். சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலால் தேய்த்தேன். செவ்வாய்க்கிழமை மாலை வாடை கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. புல்லறுக்கப் போனேன்.

நான் திரும்பி வருவதற்குள் என் வீட்டுக்காரர் உதவி செய்திருந்தார். மாதா சுரூபத்துக்கு முன்னால் சனிக்கிழமை போடுகிற சாம்பிராணியைச் சிரட்டைத் தணலில் போட்டு, அந்தச் சட்டியை அப்படியே பிரிஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். சாம்பிராணி போட்டால் போகாத நாற்றம் உண்டா என்று நினைத்தாராம். கீழ்த்தட்டின் ஓரம் சூட்டில் வளைந்துபோயிருந்தது. கதவைத் திறந்தால் மீனும் சாம்பிராணியும் கலந்து சாவு வீட்டு வாசனை வந்தது.

இத்தனைக்கும் அவர் பெக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவர். தேயிலை பக்கத்தில் இருக்கிற வாடையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று, தலையில் பூ வைத்து வருகிற பெண்களை வாசலிலேயே நிறுத்துகிறவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதையே எடுத்துக் கத்தினேன். ஊருக்கெல்லாம் வாசனையைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள், சாம்பிராணிக்குப் பதில் உங்கள் தேயிலையை வைத்திருந்தால்கூட அது வாடையைக் குடித்திருக்குமே என்றேன். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த மாதம் தோட்டத்தில் கொடுத்த தேயிலைத் தூள் பாக்கெட்டை உடைத்து அகலமான தட்டில் பரப்பி நடுத்தட்டில் வைத்தார். புதன்கிழமை காலையில் அந்தத் தூளிலேயே பால் விடாமல் பிளேன்டீ ஊற்றச் சொன்னார். பெக்டரியில் ருசி பார்க்கிறவர்கள் செய்கிற மாதிரி கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் உருட்டித் துப்பினார். பூசைக்கு நடுவில் உட்கார்ந்து குடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பழைய தூளைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பரப்பினோம்.

வியாழக்கிழமைப் பிளேன்டீயில் சாம்பிராணி இல்லை. மீன்தான் இருந்தது. நானும் ஒரு வாய் உறிஞ்சினேன், சந்தேகமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டே நாள் இருந்தது, நான் தோற்றுப்போனதாகவே நினைத்தேன். அவர் அழவிடவில்லை.

“இங்க பாரு, சாம்பிராணி போயிருச்சு. ஏன்னா சட்டிய எடுத்தாச்சு. மீன் இன்னும் வருதுன்னா அது எங்கயோ இருக்குன்னு அர்த்தம். உள்ள நீ கழுவாத எடம் இல்ல. அப்ப வெளியதான் இருக்கணும்.”

பிரிஜைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினோம். பின்பக்கம், மோட்டருக்கு மேலே கையகலத்தில் ஒரு கறுப்புத் தட்டு. ஐஸ் உருகுகிற தண்ணீர் உள்ளே இருக்கிற சின்ன ஓட்டை வழியாக வந்து விழுகிற இடம் அது. ஆறு மாதமாக அந்தப் பிரிஜோடு குடித்தனம் நடத்தியும் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. ஐந்து நாள் மீன் அழுகி வடிந்ததெல்லாம் அதில் கூழாகக் கிடந்தது. மோட்டர் சூடாகச் சூடாக அது வெந்து மணந்திருக்கிறது. அவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அதை வழித்தெடுத்தார். நான் அந்த ஓட்டையில் அப்பச்சோடாத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன், கீழே தெளிந்த தண்ணீராக விழும்வரை.

வெள்ளிக்கிழமை காலை பிளேன்டீயை எனக்குத்தான் முதலில் கொடுத்தார். தேயிலை தேயிலையாக இருந்தது. மூன்று வாய் குடித்தேன், துப்பவில்லை. உடனே பாலை அடுப்பில் வைத்தேன்.

சனிக்கிழமை ஒரு கப்பை மட்டும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஸல்மா அக்கா மூடியைப் பிரித்து முதலில் மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கரண்டி எடுத்தார். இரண்டாவது கரண்டி எடுத்தார். கடைக்கு வந்தவர்களை நிற்க வைத்துக்கொண்டே கப்பின் அடிவரை வழித்துச் சாப்பிட்டார். நான் கப்பைச் சுற்றி வந்த துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“புதன்கிழம முப்பதா கொண்டு வாங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது லயத்து வாசலில் சின்னராசா அண்ணன் நின்றிருந்தார். நாளைக்குப் பெரட்டுக்கு வருகிறாயா, முடிவாகச் சொல் என்று கேட்டார். பேரை வெட்டினால் வெட்டியதுதான் என்று மறுபடியும் சொன்னார். பயமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் சொன்னேன்.

“வரலைங்கண்ணே. எனக்கு வேல இருக்கு.”