வாக்குக்குப் போன பிள்ளை

ஆயுத பூஜையன்று மத்தியானம் திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியில் தையல் மிஷின்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, கட்டிங் டேபிள்களைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கியிருந்தார்கள். தொழிலாளிகளே நடிக்கும் பழைய காலத்துச் சோக நாடகம். அப்பன் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இளவரசன் உயிரை விடுகிற கதை. இளவரசன் வேஷம் சசிகுமாருக்கு என்று கேள்விப்பட்டுத்தான் முத்தாத்தாள் புருஷனோடு பொங்கலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

சசிகுமார் அவள் பெற்ற பிள்ளை. ஆனால் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவான். அவள் புருஷன் லிங்கசாமியின் அக்கா சாரதாமணிக்குக் குழந்தை இல்லை. ‘பையன் பொறந்தா உனக்குத்தானுங்க்கா’ என்று லிங்கசாமி ஒரு நாள் வாக்குக் கொடுத்துவிட்டார். வயிற்றில் சுமந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பால் மறந்த கையோடு பிள்ளை திருப்பூருக்கு, சாரதாமணி வீட்டுக்குப் போய்விட்டான். விவரம் தெரிந்தபின் சசிக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். அவனும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

பெண்கள் வரிசையில் சாரதாமணிக்குப் பக்கத்திலேயே முத்தாத்தாள் உட்கார்ந்திருந்தாள். லிங்கசாமி எதிர்ப்புறம் ஆம்பளைகளோடு இருந்தார்.

கடைசிக் காட்சியில் இளவரசன் செத்து விழுந்தான். அயர்ன் மாஸ்டர் ஆறுமுகசாமி மீசையை மழித்துக்கொண்டு ராணி வேஷம் கட்டியிருந்தார். ஓடிவந்து பிள்ளையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“ஐயோ, என்ர சாமி!” என்று சாரதாமணி வாய்விட்டு அழுதாள். “நாடகந்தானுங்க, அழுவாதீங்க” என்று பக்கத்துப் பெண்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

முத்தாத்தாளின் முதுகைத் தடவ யாரும் இல்லை. அவளும் அழவில்லை. சேலை கட்டிய அந்த ஆம்பளையின் கை சசியின் நெற்றி முடியை ஒதுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மடியிலேயே கிடந்தது.

ராணி அரசனை நிமிர்ந்து பார்த்தாள். “வாக்குக் கொடுத்தவர் நீங்கள். அதற்கு என் பிள்ளைதானா கிடைத்தான்?”

முத்தாத்தாள் சட்டென்று எதிர்ப்புறம் திரும்பினாள். லிங்கசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்து எல்லோரும் கை தட்டியபோதும் அவர் தலை நிமிரவில்லை.

சசி முகமெல்லாம் சிவப்புச் சாயத்தோடு இறங்கி வந்தான். சாரதாமணி ஈரத் துண்டை எடுத்தாள். அவன் முகத்தருகே கொண்டுபோனவள் நிறுத்திவிட்டாள்.

“முத்தா, நீ தொடச்சு உடு. எனக்குக் கையெல்லாம் நடுங்குது.”

நடுங்கியதா என்னவோ. துண்டை முத்தாத்தாளின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துபோனாள்.

வளர்ந்த பிள்ளையின் முகத்தை முத்தாத்தாள் அன்றுதான் முதன்முதலாகத் தொட்டாள். தாடை சொரசொரத்தது. நெற்றி, கன்னம் என்று மெதுவாகத் துடைத்தாள். அவசரமே படவில்லை.

“அத்தை, நீங்க அழுவவே இல்லீங்களா?” கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

“நான் அழுதா, நீ எதுக்கு அழுவறேன்னு கேப்பாங்களே கண்ணு.”

காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாயம் அவளுக்கு எட்டட்டும் என்று தலையை இன்னும் தாழ்த்தினான்.

லிங்கசாமி வந்து நின்றார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, போலாமா?”

“நீங்க போங்க. நான் இங்க ரெண்டு நாளைக்கு இருந்துட்டு வர்றனுங்க.”

கலியாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதே இல்லை. லிங்கசாமி அக்காவைப் பார்த்தார். சாரதாமணி, “இருக்கட்டுமே” என்றாள்.

அவர் தனியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். சசி வண்டியைக் கிளப்பி, “உக்காருங்க அத்தை, ஊட்டுக்குப் போலாம்” என்றான். முத்தாத்தாள் பின்னால் ஏறி, கொஞ்சம் தயங்கி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.