தைராய்டு என்று சொன்னோம்

1

"எங்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா ஒம் மக? எட்டுக் கிலோ மொளகா, ராஜேஸ்வரி! எட்டுக் கிலோ! அம்புட்டும் ஒங்க தொட்டித் தண்ணியில மெதக்குது!"

"கத்தாதீங்க ஆச்சி, தெருவே பாக்குது."

"பாக்கட்டும். தெரு பாக்காம நான் என்னைக்குச் சண்டை போட்டேன்?"

"மோட்டாரைப் போட்டா நிறுத்தணும்டின்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஏண்டி, வாயத் தொறடி! ஆச்சி கேக்குறாங்கல்ல?"

கார்த்திகா வாயைத் திறக்கவில்லை. இடது கையைத் திறந்து காட்டினாள். உள்ளங்கையில் நீலப் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது: மோட்டார்.

மிளகாய்க்காகக் கத்தியது நான். பெயர் உண்ணாமலை, வயது ஐம்பத்து நாலு, திருமயத்தில் கோட்டை தெரியும் தெருவில் சொந்த வீடு. (ஆச்சி என்றதும் பல் போன கிழவி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்களவர்களில் அக்காவையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்.) என் கதைகள் மூன்று அச்சில் வந்திருக்கின்றன. மற்றவை எல்லாம் காய்கறி வண்டியருகே வாய்வழியாக வெளியானவை. அவற்றுக்குத்தான் வாசகர்கள் அதிகம்.

இந்தக் கதை அந்த உள்ளங்கையில் பிறந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் பொய். இது பிறந்தது என் வீட்டுக் கூடத்தில், போன ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில். ஆலங்குடியிலிருந்து வந்த ஒருவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி கடைசியில் வரும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே அங்கே தாவலாம். கார்த்திகா அப்படித்தான் படிப்பாள்.

2

தூக்கிப் போட்ட தொடக்கங்கள்:

"இன்றைய இளைய தலைமுறையிடம் மனச்சோர்வு பெருகிவருவது—" ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் மாதிரி இருந்தது. அடித்தேன்.

"ஜன்னலோரம் அமர்ந்து கண்ணீர் வடித்தபடி கார்த்திகா—" அவள் ஜன்னலோரம் அமர்ந்ததே இல்லை. அடித்தேன்.

"பக்கத்து வீட்டுப் பெண் பதினோரு நாளாகத் தலை சீவவில்லை." இது இருக்கட்டும். எண்ணியது நான்தான். என் அடுப்படி ஜன்னலிலிருந்து அவள் கட்டிலில் பாதி தெரியும். தலை இருக்கும் பாதி.

பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். திருச்சியில் இஞ்சினியரிங் சேர்ந்தாள். நாலு வருஷம் கழித்துப் பதினாலு அரியரோடு திரும்பி வந்து படுத்தாள். அப்பா மஸ்கட்டில் டிரைவர். வீடியோ காலில் "படிச்ச பிள்ளைக்கு என்ன கேடு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அம்மா ராஜேஸ்வரி அங்கன்வாடி டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு ஊட்டிவிட்டு வந்தால், வீட்டில் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும்.

தெரு அவளுக்குச் சொன்ன காரணங்கள்: போன், திமிர், செல்லம், கண்ணேறு. நான் சொன்னது காதல் தோல்வி. அந்தப் பையனுக்கு மணப்பாறை என்று ஊர்கூட வைத்தேன். ஒரே வாரத்தில் அந்தக் கதை மூன்று தெரு தாண்டிப் போய், பையனுக்கு ஒரு புல்லட் வண்டியும் வாங்கிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. இல்லவே இல்லாத ஒருத்தனை நினைத்துத்தான் அவள் படுத்திருக்கிறாள் என்று ஊர் நம்பியது. கொஞ்ச நாளில் நானும் நம்பினேன்.

3

என்ன கோளாறு என்பதை அவளேதான் கண்டுபிடித்தாள். எந்தப் போனைத் தெரு குற்றம் சொன்னதோ அதே போனில். திருச்சியில் ஒரு மனநல டாக்டரிடம் நாள் வாங்கி, இரண்டு முறை மறந்து, மூன்றாவது முறை தப்பான நாளில் போய் நின்றாளாம். "இதுவே பாதி பரிசோதனை முடிஞ்ச மாதிரிதான்" என்று சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டாராம் அந்த டாக்டரம்மா.

ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு. சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது. நன்றாகப் படிக்கிற, சத்தம் போடாத பொம்பளைப் பிள்ளை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. சோம்பேறி, சோம்பேறி என்று இருபது வருஷம் கேட்டுக் கேட்டு, அதன் மேல் மனச்சோர்வும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் தனித்தனி மாத்திரை. ஒன்று இங்கே எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. மாதா மாதம் திருச்சிக்குப் போக வேண்டும். சீட்டைக் கடைக்காரரே வாங்கி வைத்துக்கொள்வாராம்.

இதையெல்லாம் அவள் சொன்னது என் மொட்டை மாடியில், நனைந்த மிளகாயை என்னோடு உட்கார்ந்து பரப்பிக்கொண்டே. மாத்திரை தொடங்கி இரண்டாவது வாரம் அது.

"மண்டைக்குள்ள நாலு டிவி ஓடும் ஆச்சி. ஒரே நேரத்துல. இந்த மாத்திரை போட்டா மூணு அணைஞ்சிருது. ஒண்ணை உக்காந்து பாக்கலாம்."

"அந்த ஒண்ணுல என்ன ஓடுது?"

"அழுகாச்சி சீரியல்தான். அதுக்குத்தான் இன்னொரு மாத்திரை."

"பெறகு ஏண்டி மோட்டார் ஓடுச்சு?"

"கையில எழுதினேன்ல. கையப் பாக்க மறந்துட்டேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அழுகிய மிளகாயை அவள் பக்கமே தள்ளினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆறு மாதத்தில் புதுக்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். போனில் பதினோரு அலாரம். பல் தேய், மாத்திரை, சாப்பிடு, பஸ். அந்த அலாரத்தை வைத்துத்தான் நான் உலை வைப்பேன். ஐந்து மாதம், ஒரு நாள்கூட ஏழே முக்கால் பஸ்ஸை விடவில்லை. கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் வேலைக்குப் போகிற பெண் என்றால் ஜாதகம் கையில் ஏறிவிடும்.

4

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே ஜாதகம் பொருந்தியதும் பெண் பார்க்க வந்துவிட மாட்டார்கள். முதலில் விசாரிப்பு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், வேறு ஜோலியாக வந்தவர் மாதிரி, அக்கம்பக்கத்தில் ஏறி இறங்குவார். "அந்த வீட்டுப் பிள்ளை எப்படிங்க?" இந்தத் தெருவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள் நான். என் ஒரு "ம்ம்ம்..." என்ற இழுப்பில் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு.

அறந்தாங்கியிலிருந்து வரன். லக்ஷ்மணன், சொந்தமாக ஹார்டுவேர் கடை. ராஜேஸ்வரி என் அடுப்படியில் வந்து நின்றாள்.

"விசாரிக்க வருவாங்க ஆச்சி. ஒங்ககிட்டதான் வருவாங்க. மாத்திரை திங்கிறது எப்படியும் காதுக்குப் போயிருக்கும். நான் என்னன்னு சொல்ல?"

"தைராய்டுன்னு சொல்லு."

யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே! நான் எழுதியதிலேயே உடனே ஏற்றுக்கொள்ளப்பட்ட கதை அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் சாயங்காலம் கார்த்திகா வந்தாள்.

"ஆச்சி, விசாரிக்க வந்தா உள்ளதைச் சொல்லிருங்க."

"ஏண்டி, கிறுக்கா ஒனக்கு?"

"அதைத்தான் சொல்லச் சொல்றேன்."

நான் சிரித்தேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"அம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு, வாயத் தொறக்கக் கூடாதுன்னு. ஒங்ககிட்ட யாரும் வாங்கலேல்ல? எனக்கு மணப்பாறையில ஆளு இருக்குன்னு சொன்னீங்க. கேட்டேனா? தெருவுல எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்றீங்க. இதையும் சொல்லுங்க. வேண்டாம்னா இப்பவே போகட்டும். கட்டிக்கிறதுன்னா மாத்திரையோட கட்டிக்கட்டும். அங்க போய் ஒளிச்சு ஒளிச்சுத் திங்க எனக்கு வராது ஆச்சி. ஒளிச்ச எடத்தையே மறந்துருவேன்."

5

இங்கே இரண்டு வடிவம் எழுதினேன்.

(அ) மாப்பிள்ளையின் பெரியப்பா சேவுகன் வருகிறார். கதைசொல்லி உண்மையைச் சொல்கிறாள். அவர் எழுந்து போகிறார். ராஜேஸ்வரி மண்ணை வாரித் தூற்றுகிறாள். கார்த்திகா மறுநாள் ஏழே முக்கால் பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள்.

(ஆ) மாப்பிள்ளையின் பெரியப்பா சேவுகன் வருகிறார்.

"பிள்ளை எப்படிங்க?"

"தங்கம்ங்க."

"ஏதோ மாத்திரை சாப்பிடுதுன்னு..."

"தைராய்டுங்க. இந்தக் காலத்துல யாருக்குத்தான் இல்ல?"

"மறதி கிறதின்னு ஒரு பேச்சு..."

"எது? எங்க வீட்டு அடுப்புல பாலு பொங்குனா அங்கருந்து கொரல் குடுக்கும்ங்க அந்தப் பிள்ளை."

நடந்தது (ஆ). அந்தப் பால் விஷயம் யாரும் கேட்காமல் நானே சேர்த்தது.

இந்த இடத்தில் எனக்கு இந்தக் கதைசொல்லி மேல் சந்தேகம் வருகிறது. ஊரில் ஒரு தும்மலைக்கூட விட்டுவைக்காதவள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஏன் ஒன்றை விழுங்கினாள்? ராஜேஸ்வரி மேல் இரக்கம் என்று முதலில் எழுதினேன். இல்லை. "உண்ணாமலை ஆச்சி வாயாலதான் என் மக கல்யாணம் நடந்துச்சு" என்று ஊர் சொல்வதைக் கேட்க ஆசைப்பட்டேன். நல்லவளாக இருந்து பார்க்க ஒரு நப்பாசை.

கல்யாணத்துக்கு முதல் நாள் கார்த்திகா கையில் இருந்த பேனா எழுத்தையெல்லாம் ராஜேஸ்வரி எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள். பிறகு இரண்டு கையிலும் முழங்கைவரை மருதாணி. கூட்டம் விலகிய நேரத்தில் கார்த்திகா என்னிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"எழுத எடமே இல்லை ஆச்சி."

6

மாமியாருக்குப் பத்து வருஷமாகத் தைராய்டு.

இதை நான் புனைந்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

"நானுந்தான் தினம் வெறும் வயித்துல போடுறேன். ஒன்னோட டப்பா வேற மாதிரியில்ல இருக்கு?" டப்பாவைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர் பேரைப் பார்த்துவிட்டு, இது மூளைக்குக் கொடுப்பது என்றாராம். கல்யாணமாகி நாற்பது நாள்.

மாத்திரை கக்கூஸில் போனது. பதினோரு அலாரமும் அழிக்கப்பட்டன. "நல்லா வேலை செஞ்சா எல்லாம் சரியாயிரும்." ராஜேஸ்வரியும் போனில், "கொஞ்ச நாளைக்கி இல்லாமத்தான் இருந்து பாரேன்டி" என்றாள். லக்ஷ்மணன் கெட்டவன் இல்லை, அடிக்கவில்லை. "எங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டீங்கள்ல?" என்பதை மட்டும் தினமும் சாப்பிடும்போது கேட்டான். அவளிடம் அவன் வேறு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

எட்டாவது மாதம் ஒரு கார் வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமலேயே அவளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. தலை சடை பிடித்திருந்தது. சீப்பு உள்ளே போகவில்லை. ராஜேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்துத் தோளோடு வெட்டினாள். வெட்டிக்கொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். கார்த்திகாவும் அழு—

(இந்தக் கதையை அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். அவள் அனுப்பிய குரல் பதிவு, அப்படியே: "அழுதாள்னு போட்டிருக்கீங்க. நான் அழுகலை ஆச்சி. அழுகவும் கொஞ்சம் தெம்பு வேணும். நான் ஃபேன் றெக்கைய எண்ணிக்கிட்டு இருந்தேன். மூணுதான் இருக்கு, ஆனா எண்ணி முடியல. அதை அடிச்சிருங்க. பாதிதான் படிச்சிருக்கேன். மிச்சம் நாளைக்கி.")

அடித்துவிட்டேன்.

7

இப்போது ஆலங்குடிக்காரர். கார்த்திகாவும் லக்ஷ்மணனும் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. திருச்சிக்கு மறுபடியும் போய் மாத்திரை வாங்கி, கார்த்திகா கட்டிலைவிட்டு எழுந்து, இரண்டு தெரு நடக்கும் அளவுக்கு வந்திருந்தாள். அந்த வியாழக்கிழமை என் மாடியில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள், அவளாகவே வந்து.

அவர் வந்தது லக்ஷ்மணனைப் பற்றி விசாரிக்க. அவர் மகளுக்கு அவனைப் பேசுகிறார்களாம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. மொதப் பொண்ணுக்கு என்னங்க கோளாறு?"

மாடிப்படியில் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். கார்த்திகா, நடுப்படியில், மிளகாய் நெடியடிக்கும் கையோடு. அவர் முதுகு அவள் பக்கம். என் முகம் அவள் பக்கம்.

சொல்லக்கூடியவை: ஒன்று, "பைத்தியம்ங்க." அவருக்கு நிம்மதி, மாப்பிள்ளைக்கு நல்ல பேர், இவளுக்கு இந்த மாவட்டத்தில் இனி ஒரு வாசலும் திறக்காது. இரண்டு, "ஒண்ணுமில்லைங்க, தங்கம்." மறுபடியும் அதே பால் பொங்குகிற கதை. மூன்று, உள்ளதை உள்ளபடி: நோய், மாத்திரை, பொய், பொய் யாருடையது என்பதும் சேர்த்து. அவள் ஒரு காலத்தில் கேட்டது இதைத்தான். இப்போதும் அதையேதான் கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். ஊர் முகத்தையெல்லாம் படிக்கிறவளுக்கு அந்த ஒரு முகம் பிடிபடவில்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. முறுக்கிக்கொள்ளவில்லை. எதை எழுதினாலும் என்னை நல்லவளாக்கியே எழுதிவிடுகிறேன், ஏழு முறை எழுதிப் பார்த்தாயிற்று. காபி ஆறுகிறது. அவர் உங்களைத்தான் கேட்கிறார். அவள் படியில் நிற்கிறாள். சொல்லுங்கள்.

8

நீங்கள் எதைச் சொல்லியிருந்தாலும் நடந்தது இதுதான். ஆவணியில் லக்ஷ்மணனுக்குக் கல்யாணம், ஆலங்குடிப் பெண்ணோடு. மண்டபம் கொள்ளாத கூட்டம். ராஜேஸ்வரி மாற்றல் வாங்கிக்கொண்டு குன்றாண்டார்கோவில் பக்கம், தம்பி வீட்டருகே போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கார்த்திகா கோயம்புத்தூரில் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள், மறுபடியும் கண்ணாடிக் கடை. அங்கே மாத்திரை பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கிறதாம். மிச்சக் கதையை அவள் இன்னும் படிக்கவில்லை. அது மறதியா, மன்னிக்காததா என்று விசாரிக்க எனக்கு அந்த ஊரில் ஆள் இல்லை.

பக்கத்து வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்துவிட்டது. தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்படி ஏதோ மாட்டியிருக்கிறார்கள். அலாரச் சத்தமும் இல்லை. உலை வைக்க நேரம் தவறிப்போகிறது. இந்த வருஷம் மிளகாய் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காய்ந்திருக்கிறது.