பதினெட்டாம் திகதியின் அளவு

2009 மே 19, செவ்வாய்க்கிழமை. கமலாம்பிகையின் மனக்குறை இதுதான்: முதல் நாள் அவள் அளந்து பதிவேட்டில் எழுதிய எண்ணை ஆய்வுகூடப் பொறுப்பாளர் கிறிஸ்துநாயகம் சிவப்பு மையால் வெட்டி, "விடுமுறை நாள்; நம்பத்தக்கதன்று" என்று அருகில் எழுதிவைத்திருந்தார்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஆறு மாத உழைப்பு இருந்தது. அல்பேர்ட்டாவின் கிழட்டு எண்ணெய்க் கிணறொன்றிலிருந்து வெட்டியெடுத்த முழநீளப் பாறைத்துண்டு, ஸ்காபரோவின் அந்தச் சிறிய ஆய்வுகூடத்தில் உருக்குக் குழலுக்குள் கிடந்தது. எவ்வளவு உப்புநீரைச் செலுத்தினாலும் நுண்துளைகளில் ஒட்டியிருந்த எண்ணெய் அசைய மறுத்தது. பாறையில் வாழும் நுண்ணுயிர்களைப் பெருக்கினால் அவை எண்ணெயைப் பெயர்த்துத் தரும் என்று நம்பி, கரும்புப்பாகும் நைத்திரேற்றும் அள்ளி அள்ளி ஊட்டினார்கள். அவையோ உறங்கின.

"தீனியில குறையில்லை. தண்ணிதான் அதுகளுக்கு உப்புக் கூட" என்று சொன்னவள் கமலாம்பிகை.

உப்பைத் திடீரெனக் குறைத்தால் பாறையிலுள்ள களிமண் ஊதித் துளைகளை அடைத்துவிடும். ஆகவே நாளுக்கொரு படியாக ஒன்பது நாள் குறைத்தாள். நீர் ஊற்றும் கலம் ஒரு நாளைக்குரியதையே கொள்ளும். மறுநாள் மாற்றாவிட்டால் நீரைச் செலுத்தும் பம்பி காற்றை உறிஞ்சும். காற்றுப் பட்டால் அவ்வுயிர்கள் மடியும்.

ஒன்பதாம் நாள், மே 18, விக்டோரியா நாள் விடுமுறை. ஊரில் போர் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்னதும் அன்றுதான். வன்னியிலிருந்த தங்கை பாலேஸ்வரியிடமிருந்து மூன்று கிழமையாக ஒரு சொல்லும் இல்லை. கமலாம்பிகை மல்வேர்னில் பஸ்ஸுக்காக நாற்பது நிமிடம் நின்று, வந்து கதவைத் திறந்து, நீரை மாற்றினாள். நண்பகலில் கருந்துளிகள் வரத் தொடங்கின. மாலையில் அளவுக்குழாய் 6.4 மில்லிலீற்றர் காட்டியது.

"ஊரே செத்த வீடாக் கிடக்க, நீர் எண்ணெய் அளந்தனீரோ, பிள்ளை?" என்றார் கிறிஸ்துநாயகம். "கண் கலங்கினால் கணக்கும் கலங்கும். அதுதான் வெட்டினனான்."

"அழுதுகொண்டுதான் அளந்தனான், அண்ணை. கண்ணீர் குழாய்க்குள்ள விழேல்லை. விழுந்திருந்தாலும் உப்புத்தண்ணி கீழதான் நிக்கும். எண்ணெய் மேலதான் வரும்."

அவள் முதல் நாளே மூடி இறுக்கிவைத்திருந்த குழாயை எடுத்து அவர்முன் நிறுத்தினாள்.

"நீங்களே பாருங்கோ."

கிறிஸ்துநாயகம் கண்ணாடியை மாட்டி, முழங்காலை மடித்து, கண்ணைக் குழாயின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுமுறையும் பார்த்தார்.

"ஆறு தசம் நாலு."

"ஓம்."

"இண்டைக்கும் வருமோ?"

"உங்கட முதுகுக்குப் பின்னால வந்துகொண்டுதான் இருக்கு."

அவர் திரும்பினார். புதிய குழாயில் துளி மேல் துளியாகக் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"சரி, தாளைக் கிழிச்சிட்டுப் புதுசா எழுதுவம்."

"கிழிக்க வேண்டாம், அண்ணை. வெட்டினது தெரியட்டும். அதுக்குப் பக்கத்திலயே எழுதுங்கோ, ஆர் அளந்ததெண்டும்."

அதே சிவப்பு மையால் அவர் எழுதினார்: "6.4. சரிபார்க்கப்பட்டது. அளந்தவர்: கமலாம்பிகை இராஜரட்ணம்." அவள் அதை எழுத்தெழுத்தாக வாசித்து முடித்து, நிமிர்ந்து, பத்தாம் நாள் நீரைக் கலக்கப் போனாள்.

இதை வாசிப்பவரே, உங்கள் பணியிடத்திலும் இப்படியொரு பதிவேடு இருக்கும். அழுத கண்ணோடு ஒருவர் எழுதிய அளவை வெட்டப் பேனாவை எடுக்குமுன், குழாயை எடுத்துப் பாருங்கள்.